பாதத்தைத் தொடத் தயங்காத கை



எஸ்.பி.எம். தேர்வு எழுதி முடித்த ஒரு பெண்பிள்ளை வீட்டில் வந்து, "அம்மா, நான் சப்பாத்து வடிவமைப்பு படிக்கப் போறேன்" என்று சொன்னால் நம் வீடுகளில் என்ன நடக்கும்? மருத்துவம், சட்டம், கணக்கியல் என்று வரிசையாகக் கனவு கண்டு வைத்திருக்கும் தாய் ஒரு கணம் திகைத்துப் போவார். தந்தை தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்துவிட்டு, "செருப்புத் தைக்கவா இவ்வளவு செலவு பண்ணிப் படிக்க வச்சேன்?" என்பார். மூலையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி எதுவும் சொல்லமாட்டார். ஆனால் அவர் முகம் மாறிவிடும்.

இன்றைய அரங்கின் தலைப்பு, வாடிக்கையாளரின் காலுக்கே அளவெடுத்துக் காலணி வடிவமைக்கக் கற்றுக்கொள்வது எப்படி என்பது. தோல், நூல், குதிகால் உயரம் என்று நேராகத் தொழிலுக்குள் போய்விடலாம். ஆனால் அந்தப் பாட்டியின் முகத்தைத் தாண்டாமல் நம் பிள்ளைகள் யாரும் அந்த வகுப்பறைக்குள் நுழையப் போவதில்லை. ஆகவே அங்கிருந்தே தொடங்குவோம்.

பாதத்துக்கு நம் பண்பாட்டில் உள்ள இடம் விசித்திரமானது. பெரியவர்களின் காலைத் தொட்டு ஆசி வாங்குகிறோம். இறைவனிடம் திருவடி நிழல் கேட்கிறோம். அண்ணனின் பாதுகையை அரியணையில் வைத்து நாட்டை ஆண்ட பரதனின் கதையைக் கேட்டுக் கண் கலங்குகிறோம். அதே நாம், வாசலில் கிடக்கும் சப்பாத்து கையில் பட்டுவிட்டால் ஓடிப்போய்க் கை கழுவுகிறோம். அதைச் செய்து கொடுத்தவரைத் தலைமுறை தலைமுறையாக ஊருக்கு வெளியே நிறுத்தி வைத்தோம். தோல் தொழில் செய்தவர்களைச் சாதியின் பெயரால் தள்ளி வைத்த வழக்கம், கடல் கடந்து வந்த பிறகும் தோட்டத்து லயங்களில் சுலபத்தில் சாகவில்லை. பாட்டியின் முகத்தில் வந்து போவது அதுதான். அதைக் கௌரவம் என்று பெயரிட்டு மூடி வைப்பதில் யாருக்கும் லாபமில்லை.

ஆங்கிலத்தில் ஒரு வேறுபாடு உண்டு. புதுத் தோலை வெட்டிப் புதுக் காலணி செய்பவர் கார்ட்வெய்னர். தேய்ந்து போனதைப் பழுதுபார்ப்பவர் காப்லர். ஸ்பெயின் நாட்டின் கோர்டோபா நகரத்துத் தோல் ஒரு காலத்தில் ஐரோப்பா முழுவதும் பெயர் பெற்றிருந்தது. அந்த ஊர்ப் பெயரிலிருந்து பிறந்த சொல்தான் கார்ட்வெய்னர். லண்டன் கார்ட்வெய்னர் சங்கத்துக்கு 1439-லேயே அரச சாசனம் கிடைத்துவிட்டது. அங்கேயும் செருப்புத் தொழிலாளி ராஜா வீட்டுப் பந்தியில் உட்காரவில்லைதான். ஆனாலும் தன் தொழிலுக்கு ஒரு சங்கம், ஒரு சாசனம், பின்னாளில் ஒரு கல்லூரி என்று அவரால் கட்ட முடிந்தது. அந்தக் கல்லூரியில் படித்த ஒரு மலேசியரை இங்கே எல்லோருக்கும் தெரியும்.

பினாங்கு ஜார்ஜ்டவுனில், சப்பாத்துத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர் ஜிம்மி சூ. குடும்பப் பெயர் உண்மையில் 'சாவ்'. பிறப்புப் பத்திரத்தில் யாரோ தவறாக எழுதியதால் 'சூ' ஆனது. நம் அப்பன் பாட்டன் பெயர்களும் அடையாள அட்டையில் படாத பாடு பட்டவைதானே! அந்த எழுத்துப் பிழைதான் பிறகு உலகத்து விலையுயர்ந்த கடைவீதிகளில் பொன்னெழுத்தில் மின்னியது.

ஜிம்மி சூ தம் முதல் ஜோடியைச் செய்து முடித்தபோது வயது 11. இதைக் கேட்டவுடன் பிறவி மேதை என்று சொல்லத் தோன்றும். ஆனால் அவரே பல பேட்டிகளில் சொன்ன கதை வேறு. தொடக்கத்தில் தந்தை அவரை ஒரு சப்பாத்தும் செய்ய விடவில்லை. உட்கார், பார் என்பது மட்டுமே பாடம். மாதக்கணக்கில் அந்தச் சிறுவன் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். தோல் எந்தப் பக்கம் இழுத்தால் நீள்கிறது, ஆணியை எந்தச் சாய்வில் அடித்தால் நிற்கிறது, வந்தவரின் காலைத் தந்தை எப்படிக் கையில் எடுக்கிறார் என்று கண்ணாலேயே கற்றிருக்கிறார்.

பிறகு லண்டன். ஹேக்னி வட்டாரத்தில் இருந்த கார்ட்வெய்னர்ஸ் தொழில்நுட்பக் கல்லூரி. உணவகத்தில் வேலை செய்தும், சப்பாத்துத் தொழிற்சாலையில் துப்புரவு வேலை பார்த்தும் கட்டணத்துக்குப் பணம் சேர்த்து, 1983-ல் தேர்ச்சி பெற்றார். 1986-ல் அதே வட்டாரத்தில் பழைய மருத்துவமனைக் கட்டடம் ஒன்றில் இடம் வாடகைக்கு எடுத்துத் தனியாகப் பட்டறை தொடங்கினார். 1988-ல் 'வோக்' இதழ் அவருடைய காலணிகளுக்கு எட்டுப் பக்கம் ஒதுக்கியது. 1990 முதல் இளவரசி டயானா அவருடைய வாடிக்கையாளர். 1996-ல் டாமாரா மெலன் என்பவருடன் சேர்ந்து நிறுவனம் தொடங்கி, 2001-ல் தம் ஐம்பது விழுக்காட்டுப் பங்கை ஒரு கோடி பவுனுக்கு விற்றுவிட்டு விலகினார்.

இந்தக் கடைசி வரியில் சற்று நிற்க வேண்டும். பேரங்காடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் அந்தப் பெயர்ச் சப்பாத்து 2001-க்குப் பிறகு அந்த மனிதரின் கை வேலை அல்ல. அது ஒரு நிறுவனத்தின் உற்பத்தி. 2017-ல் மைக்கேல் கோர்ஸ் நிறுவனம் ஏறக்குறைய 120 கோடி அமெரிக்க டாலர் கொடுத்து அதை வாங்கியது. பெயரை விற்றவர் என்ன செய்தார் தெரியுமா? மறுபடியும் ஒவ்வொரு வாடிக்கையாளருக்காகத் தனித்தனியே காலணி செய்யும் வேலைக்கே திரும்பினார். 2021-ல் லண்டனில் ஒரு கலைக்கழகமும் தொடங்கி, கற்றுக்கொடுக்கும் பக்கம் வந்துவிட்டார். கோடிகளைப் பார்த்த பிறகும் ஒரு மனிதரை அளவெடுக்கும் நாடாவுக்குத் திரும்ப வைக்கும் அளவுக்கு இந்த வேலையில் ஏதோ இருக்கிறது.

அது என்ன என்று தெரிந்துகொள்ள, ஒரு பட்டறையைக் கற்பனை செய்து பார்ப்போம். தொழில் கற்று முடித்துப் புதிதாகப் பட்டறை வைத்திருக்கும் ஓர் இளம்பெண். அவளைத் தேடி ஒரு தாய் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வயது அறுபதுக்குப் பக்கம். பதினைந்து வயதில் பால்மரம் சீவப் போனவர். முப்பது ஆண்டு தோட்டத்து மேட்டிலும் பள்ளத்திலும் நடந்த கால். இரண்டு மாதத்தில் மகளுக்குத் திருமணம். பட்டுச் சேலை எடுத்தாகிவிட்டது. ஆனால் கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் ஏறி இறங்காத கடையில்லை, காலுக்கு ஒன்றும் சேரவில்லை. முன்பக்கம் சரியாக இருந்தால் குதிகால் கழன்று வருகிறது. குதிகால் பிடித்தால் விரல்கள் நெரிகின்றன. அந்த அம்மா உட்காரும்போதே சேலைத் தலைப்பால் காலை மறைத்துக்கொள்கிறார்.

"என்னம்மா, ரொம்ப அசிங்கமா இருக்கா என் காலு?"

"அப்படியெல்லாம் இல்லீங்க ஆன்ட்டி. கொஞ்சம் எழுந்து நில்லுங்க. ரெண்டு கால்லயும் சமமா நில்லுங்க."

இந்த இடத்தில்தான் கற்றவருக்கும் கல்லாதவருக்கும் வித்தியாசம் தெரியும். பட்டறைக்காரி தரையில் மண்டியிட்டு, அந்தப் பாதத்தை இரண்டு கைகளாலும் எடுக்கிறாள். எங்கே சூடாக இருக்கிறது, எங்கே காய் காய்த்திருக்கிறது, எங்கே தொட்டால் அந்த அம்மா காலை இழுத்துக்கொள்கிறார் என்று விரல் நுனியால் படிக்கிறாள். முகம் சுளித்தாலோ, விரல் நுனியால் ஒதுங்கித் தொட்டாலோ அந்த நொடியே அந்தத் தாய்க்குத் தெரிந்துவிடும். அதன் பிறகு அவர் எங்கே வலிக்கிறது என்று உண்மையைச் சொல்லமாட்டார். உண்மையைச் சொல்லாத கால், அளவையும் பொய்யாகத்தான் கொடுக்கும். பெருவிரலைச் சுருக்கிக்கொண்டு நிற்கும் காலை அளந்தால் யாருக்கோ சப்பாத்துச் செய்வதாகிவிடும்.

அளவெடுப்பது என்றால் நீளம் மட்டும் அல்ல. தாளின்மேல் நிற்க வைத்து, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றி வரைய வேண்டும். பென்சில் உள்பக்கம் சாய்ந்தால் சப்பாத்து குறுகிவிடும். பிறகு நாடா. விரல்கள் பாதத்தோடு சேரும் அகலமான இடத்தில் ஒரு சுற்று, நடுப் பாதத்தில் ஒரு சுற்று, புறங்கால் மேட்டில் ஒரு சுற்று, குதிகாலிலிருந்து புறங்கால் மேட்டுக்கு ஒரு சுற்று, கணுக்காலில் ஒரு சுற்று. இரண்டு காலையும் தனித்தனியாக அளக்க வேண்டும். யாருக்கும் இரண்டு காலும் அச்சாக ஒன்றுபோல் இருப்பதில்லை. காலை நேரத்தில் அளப்பதைவிட மாலையில் அளப்பது நல்லது. நாள் முழுக்க நடந்த கால் சற்றே வீங்கியிருக்கும். திருமண மண்டபத்தில் விருந்தினரை வரவேற்று நிற்கப் போவது அந்த வீங்கிய கால்தான். ஒரு பாதத்தில் 26 எலும்புகள். இரண்டு பாதத்துக்கும் 52. உடம்பில் உள்ள மொத்த எலும்பில் ஏறக்குறைய கால்வாசி கீழேதான் இருக்கிறது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கடையில் வாங்கும் சப்பாத்தின் எண் எங்கிருந்து வந்தது என்பதும் ஒரு சுவையான கதை. பிரிட்டிஷ் அளவில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள இடைவெளி ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. அது பார்லி மணி ஒன்றின் நீளம். நம் முன்னோரும் இப்படித்தான், எட்டு நெல் ஒரு விரல், பன்னிரண்டு விரல் ஒரு சாண் என்று தானியத்தால் அளந்தார்கள். தானியம் எல்லா ஊரிலும் கிடைக்கும், ஆனால் கால் ஊருக்கு ஊர் வேறு. சென்னையில் 1948-ல் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை இந்தியாவில் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோரின் பாதங்களை முப்பரிமாணக் கருவியால் அளந்தது. ஐரோப்பியர், அமெரிக்கர் பாதங்களைவிட இந்தியர் பாதம் அகலமானது என்பது அதில் தெரிந்தது. அதை வைத்து இந்தியருக்கென்றே 'பா' என்ற அளவு முறையை முன்மொழிந்தார்கள். அந்த அளவு முறை எழுவதற்கு முன்பு வரை, மேல்நாட்டுக் காலுக்காக வகுத்த எண்ணை வாங்கி, அகலம் போதாமல் ஒரு எண் பெரிதாகப் போட்டு, முன்னால் பஞ்சு திணித்து நடந்தவர்கள் எத்தனை பேர்! தீபாவளிக்கு வாங்கிய சப்பாத்து பொங்கலுக்குள் கட்டிலுக்கு அடியில் போய்விடும். கால் சரியில்லை என்று தன் உடம்பையே குறை சொல்லிக்கொள்வார்களே தவிர, எண் சரியில்லை என்று சொல்லத் தோன்றாது.

சப்பாத்துக்காகக் காலையே வளைத்த கொடுமையும் இந்த மண்ணுக்குத் தெரியும். சீனாவில் பிறந்த பாதம் கட்டும் வழக்கத்தோடு மலாக்காவுக்கு வந்த பெண்களுக்காக, கைக்குள் அடங்கும் தாமரைச் சப்பாத்துகளை அங்கே அளவெடுத்துச் செய்து கொடுத்தார்கள். அணிய ஆளில்லாமல் போன பிறகு அதே சப்பாத்துகள் சுற்றுப்பயணிகளுக்கு நினைவுப் பொருளாகின. ஒரு கைவினையாக அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பட்டுத் துணிக்குள் இருந்த எலும்புகளை நினைத்தால், மலாக்கா கடைத்தெருவில் அதை விலை பேசும் கை தானாகப் பின்வாங்கும்.

மறுபடி பட்டறைக்கு வருவோம். அளவு கிடைத்ததும் வேலை மர அச்சுக்குப் போகிறது. பாதம்போலவே செதுக்கிய கட்டை இது. தொழிலில் லாஸ்ட் என்பார்கள். இன்று பெரும்பாலும் பிளாஸ்டிக்கிலும் வருகிறது. லண்டனின் பழைய பட்டறைகளில் வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் தனிக் கட்டை செதுக்கி, பெயர் எழுதி நிலவறையில் அடுக்கி வைப்பார்கள். அங்கே ஒரு ஜோடி ஆயிரக்கணக்கான பவுன். புதிதாகத் தொழில் தொடங்குபவருக்கு அவ்வளவு வசதி இல்லை. கிட்டத்தட்ட ஒத்துவரும் கட்டையை எடுத்து, நம் அம்மாவின் பெருவிரல் மூட்டுப் புடைத்திருக்கும் இடத்தில் தக்கையும் தோல் துண்டும் ஒட்டி, தேய்த்து, அந்தப் பாதமாகவே மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் கணக்கு இது. கற்றுக்கொள்பவர்கள் அதிகமாகப் பொறுமை இழப்பது இங்கேதான். அழகான படம் வரையத்தான் வந்தோம், கட்டைக்குத் தோல் ஒட்டவா வந்தோம் என்று நினைப்பார்கள்.

படம் அதன் பிறகுதான் வரும். அதுவும் தாளில் அல்ல. கட்டையின்மேல் முழுக்க ஒட்டு நாடாவைச் சுற்றி, அந்த வளைவின் மேலேயே பென்சிலால் வடிவத்தை வரைவார்கள். பிறகு நாடாவை வெட்டி உரித்துத் தட்டையாக விரித்தால் வெட்டு வடிவம் கிடைக்கும். வளைந்த ஒன்றைத் தட்டையாக்கும்போது எங்கோ ஓர் இடம் மடங்கும், எங்கோ ஓர் இடம் கிழியும். அதை எப்படிச் சமன் செய்வது என்பது கையைப் பழக்கித்தான் வரும். கட்டைக்கு அடியில் இழுத்து ஒட்டுவதற்கு விளிம்பில் கூடுதல் தோல் விட வேண்டும். தோலிலும் பக்கம் உண்டு. முதுகெலும்புப் பகுதித் தோல் கெட்டி, வயிற்றுப் பகுதித் தோல் இளகி நீளும். வலது காலுக்கு முதுகிலும் இடது காலுக்கு வயிற்றிலும் வெட்டினால், ஆறு மாதத்தில் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் ஆகிவிடும். வலது, இடது என்று தனித்தனியாகச் செய்யும் வழக்கமே ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டில்தான் பரவலானது. அதற்கு முன் பல காலம் இரண்டு காலுக்கும் ஒரே வடிவம்தான்!

நம் அம்மாவின் பட்டுச் சேலைக்கு என்ன பொருத்தம்? பட்டறைக்காரி பெரானாக்கான் பெண்களின் மணிக் காலணியை நினைக்கலாம். கசுட் மானெக் என்று மலாயில் சொல்லும் அந்தக் காலணியின் மேல்பாகத்தில், சட்டத்தில் கட்டிய துணியில் கடுகு போன்ற கண்ணாடி மணிகளை ஒவ்வொன்றாகக் கோத்துப் பூவும் பறவையும் பின்னுவார்கள். சேலைக் கரையின் அன்னத்தையோ மாங்காயையோ அதே முறையில் கோத்தால் எவ்வளவு அழகாக இருக்கும்! மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பிறந்த ஒரு பிள்ளைக்கு மட்டுமே எளிதாகத் தோன்றக்கூடிய சேர்க்கை இது.

ஆனால் அதற்கு முன் பட்டறைக்காரி இன்னொரு கேள்வி கேட்டாக வேண்டும்.

"ஆன்ட்டி, இனிப்புநீர் இருக்கா?"

"இருக்கும்மா, பன்னிரண்டு வருசமா. மாத்திரை போடுறேன்."

"பாதத்துல எங்கயாவது மரத்துப்போன மாதிரி இருக்கா?"

"ரெண்டு விரலு மட்டும். அது வயசாயிட்டா அப்படித்தானே?"

நேயர்களே, அது வயசு அல்ல. 2019-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வில், மலேசியாவின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு, எல்லா இனத்தவரையும்விட அதிகம். 2023-ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் மொத்த அளவு 15.6 விழுக்காடாக இறங்கியிருந்தது, ஆறுதல்தான். ஆனாலும் நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களை எண்ணிப் பாருங்கள். நீரிழிவு நீடித்தால் பாதத்தின் உணர்வு நரம்புகள் கெடலாம். உணர்வு இல்லாத காலில் சப்பாத்து கடித்தாலும் தெரியாது, உள்ளே கல் கிடந்தாலும் தெரியாது. கொப்புளம் புண்ணாகி, புண் சீழ் பிடித்து, சில சமயம் விரலையோ காலையோ இழக்கும் நிலை வரை போகும். தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளை வெறுங்காலோடு ஏறும் பக்தர்களில் இப்படிப்பட்ட கால்களும் இருக்கின்றன. கொதிக்கும் தார்ச்சாலை சுட்டதே தெரியாமல் வீடு திரும்பி, தோல் உரிந்திருப்பதைப் பார்த்துத்தான் அதிர்வார்கள். இத்தகையோர் வெறுங்காலோடு நடக்கவே கூடாது என்கிறார்கள் மருத்துவர்கள். நேர்த்திக்கடன் அவரவர் மனசு. ஆனால் போவதற்கு முன் மருத்துவரிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்வது நல்லது.

உணர்வற்ற காலுக்கும் காலணிக்கும் உள்ள தொடர்பை உலகுக்குப் புரிய வைத்ததில் தமிழ்நாட்டுக்கு ஒரு பங்கு உண்டு. கொல்லிமலையில் 1914-ல் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், 1946-ல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்களும் பாதங்களும் ஏன் அழிகின்றன என்று ஆராய்ந்தார். நோயே சதையைத் தின்கிறது என்பதுதான் அதுவரை இருந்த நம்பிக்கை. அவர் கண்டது வேறு. நோய் நரம்பைக் கெடுத்து வலியை எடுத்துவிடுகிறது. வலி இல்லாததால் மனிதர் அதே இடத்தில் மறுபடி மறுபடி அழுத்தம் கொடுத்து நடக்கிறார். புண் அதனால் வருகிறது. அப்படியானால் மருந்து மட்டும் போதாது, செருப்பும் வேண்டும். பாதத்தின் அழுத்தத்தைப் பரப்பிவிடும் மென்மையான நுண்துளை ரப்பரை உள்ளங்காலில் வைத்த செருப்புகள் அங்கே உருவாயின. எம்.சி.ஆர். செருப்பு என்று இந்தியாவில் தொழுநோயாளிகளுக்கு இன்றும் வழங்கப்படுவது அந்த வகைதான். நீரிழிவுக் காலுக்கும் அதே பாடம் பொருந்தும். யாரும் தொட அஞ்சிய பாதங்களைக் கையில் எடுத்துப் பார்த்த ஒரு மருத்துவரும், அவரோடு உட்கார்ந்து ரப்பர் வெட்டிய செருப்புத் தொழிலாளர்களும் சேர்ந்து கண்டது அது. ரப்பர் மரம் சீவியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்தக் கதை தெரிந்திருக்க வேண்டாமா?

ஆகவே நம் பட்டறைக்காரி என்ன செய்வாள்? முதலில், "ஆன்ட்டி, கிளினிக்குல போய்ப் பாதத்தைக் காட்டிட்டு வாங்க" என்பாள். மெல்லிய நைலான் இழையை உள்ளங்காலில் தொட்டு உணர்வைச் சோதிப்பார்கள். ஐந்து நிமிட வேலை. அவர்கள் சொல்வதை வைத்துத்தான் வடிவமே முடிவாகும். காலில் புண் இருந்தாலோ, எலும்பு நிலை மாறியிருந்தாலோ அது மருத்துவக் காலணி நிபுணரின் வேலை. பட்டறைக்காரி அதில் கை வைக்கக் கூடாது. எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருப்பதும் படிப்பில் ஒரு பாகம். புண் இல்லை, இரண்டு விரலில் மட்டும் உணர்வு குறைவு என்றால் வேலை தொடரலாம். உயர்ந்த குதிகால் கிடையாது, ஏனென்றால் குதிகால் உயர உயர உடம்பின் பாரம் முன்பாதத்துக்குச் சரியும். திறந்த வார்ச்செருப்பும் கிடையாது. முன்பக்கம் அகலமாக, விரல்களுக்கு மேலே இடம்விட்டு, உள்ளே கை விட்டுத் தடவினால் ஒரு தையல்கூடத் தட்டுப்படாமல், பாதத்தைத் தாங்கும் தடித்த உள்ளட்டையோடு செய்ய வேண்டும். மணி வேலை முழுவதும் வெளிப்பக்கத்தில், அதன் முடிச்சு ஒன்றுகூட உள்ளே வராதபடி இரட்டை உள்துணி. பார்ப்பவர்களுக்கு அது கல்யாணக் காலணி. உள்ளே என்ன இருக்கிறது என்பது அணிந்தவருக்கும் செய்தவருக்கும் மட்டும் தெரியும்.

இதெல்லாம் எங்கே கற்பது, பிழைப்புக்கு ஆகுமா என்று பெற்றோர் கேட்பது நியாயம்தான். லண்டனுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. சென்னையில் தோல் ஆராய்ச்சி நிறுவனமும், மத்திய காலணிப் பயிற்சிக் கழகமும் இருக்கின்றன. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் போனால் உலகச் சந்தைக்குச் சப்பாத்து அனுப்பும் தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கின்றன. நம் மொழியிலேயே கேட்டுக் கற்கலாம். ஆனால் ஒன்று. எந்தப் பாடத்திட்டமும் ஓராண்டில் ஒருவரைக் கைதேர்ந்தவர் ஆக்காது. முதல் பத்து ஜோடி விற்க லாயக்கில்லாமல்தான் வரும். வாடிக்கையாளர் ஒருவருக்கே வாரக்கணக்கில் உழைப்பதால், பத்து வெள்ளி ஜப்பான் சிலிப்பரோடு விலையில் போட்டி போடவும் முடியாது. விலையைச் சொல்லிவிட்டுத் தயங்காமல் நிற்கும் துணிவு வேண்டும். நம்மவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். தெரிந்தவர், சொந்தக்காரர் என்று பாதி விலைக்குச் செய்து, இரண்டே ஆண்டில் கடையை மூடுவார்கள். தையற்காரரிடம் ரவிக்கைக்குப் பேசாத பேரத்தைக் காலணிக்காரரிடம் பேசுவதும் அந்தப் பழைய இளக்காரத்தின் மிச்சம்தான்.

மூன்று வாரம் கழித்து நம் அம்மா ஒத்திகைக்கு வருகிறார். விலை குறைந்த தோலில் செய்த வெள்ளோட்ட ஜோடி தயாராக இருக்கிறது. மணி வேலை இன்னும் ஏறவில்லை. இந்த முறை அவர் சேலைத் தலைப்பால் காலை மறைக்கவில்லை. தாமாகவே நீட்டுகிறார். மகளும் கூட வந்திருக்கிறாள். தந்தையோ தாயோ எழுந்து நடக்கும்போது பின்னால் நின்று பார்ப்பவர்களுக்கு அந்த நடையில் என்ன தெரியும் என்பது பெற்ற பிள்ளைகளுக்குத்தான் விளங்கும்.

வாசல் வரை போகிறார், திரும்பி வருகிறார்.

"எப்படி இருக்கு ஆன்ட்டி?"

"நல்லா இருக்கும்மா. ரொம்ப நல்லா இருக்கு."

பட்டறைக்காரி தலையாட்டவில்லை. காலணியைக் கழற்றச் சொல்லி, மறுபடி மண்டியிட்டு, இடது சுண்டுவிரலைப் பார்க்கிறாள். ஓரத்தில் மெல்லிய சிவப்புக் கோடு. அந்த அம்மாவுக்கு அது தெரியவில்லை. மரத்துப்போன இரண்டு விரல்களில் அதுவும் ஒன்று. சுண்ணக்கட்டியை எடுத்து அந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டுவிட்டு, தையலைப் பிரிக்கக் கத்தரிக்கோலைத் தேடுகிறாள்.